தெரியுது என்றாள் பெரியநாயகி

திருஞானசம்பந்தத்தின் கைக்குத் தொய்வு ஆகாது. ஈர வேட்டியைக் கொடியில் போட்டால்கூட இரண்டு பக்கமும் இழுத்து, விரலால் ஒரு தட்டுத் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் நகர்வார். பன்னிரண்டு வயதில் தறிக்குழியில் கால் வைத்தவர். அதற்குப் பிறகு தறியில் நீளவாக்கில் ஓடும் பாவு இழைகளை இழுத்துப் பிடித்தே பழகிய கை அது. ஏகாம்பரநாதர் கோயில் மதிலுக்குப் பின்னால் அவர் குடியிருந்த தெருவில் எல்லோரும் அவரைச் சம்பந்தம் என்றுதான் கூப்பிட்டார்கள். அதிகம் பேசமாட்டார். பேசவேண்டிய இடத்தில் எதையாவது பழுது பார்த்துக்கொண்டிருப்பார்.

வாழ்க்கையில் என்ன செய்தீர்கள் என்று யாராவது கேட்டால், முப்பது வருஷம் நெய்த புடவைகளை அவர் சொல்லமாட்டார். "ஒரு செவுரு வெச்சேன். அதுவும் மொதல்ல தப்பா வெச்சேன்" என்பார்.

சுவர் வந்தது பெரியநாயகிக்காக.

பெரியநாயகி அவருடைய மனைவி. பட்டு நூலைக் குச்சியில் ஏற்றித் தார் சுற்ற, தெருவில் அவளைப்போல ஆள் இல்லை. பட்டு இழையில் கண்ணுக்குப் படாத முடிச்சு அவள் விரலுக்குப் படும். அவளுக்கு நாற்பது வயதாகும்போது பார்வை போக ஆரம்பித்தது. முதலில் ஓரங்கள் போயின. எதிரே நிற்பவரின் முகம் தெரியும், அவர் நீட்டும் சொம்பு தெரியாது. பிறகு ஒரு புடவையைக் கரையிலிருந்து உள்ளே உள்ளே சுருட்டுவதுபோல உலகம் சுருண்டது. பட்டணத்துக் கண்ணாஸ்பத்திரியில் மூன்று முறை பார்த்துவிட்டு, இனி அலையவேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். அன்று பஸ்ஸில் திரும்பி வரும்போது அவள் ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டு, "இப்ப இன்னா வருது? இப்ப இன்னா வருது?" என்று கேட்டுக்கொண்டே வந்தாள். சம்பந்தம் ஒவ்வொரு ஊராகச் சொல்லிக்கொண்டு வந்தார். வாழ்நாளில் அவர் ஒரேயடியாக அவ்வளவு பேசியது அன்றுதான்.

வீடு நீளமான வீடு. வாசலில் நுழைந்தால் ஒரு கூடம், கூடத்தின் நடுவில் தறி, தறியில் உட்காருகிறவர் காலைத் தொங்கவிட ஒரு குழி. குழியை ஒட்டி நடந்தால் கடைசியில் ஒரு படி இறங்கி முற்றம், முற்றத்துக்கு அப்பால் சமையல்கட்டு. கண் இருந்த காலத்தில் அந்த வழியை அவள் ஒரு நாளைக்கு நூறு தடவை நடந்திருப்பாள். பங்குனி உத்திரத்தன்று சம்பந்தம் சாமி பார்த்துவிட்டு வருவதற்குள், மேளச் சத்தம் கேட்டு வாசலுக்கு வர நினைத்தவள், நான்கடி தப்பிக் குழிக்குள் விழுந்தாள். எலும்பு முறியவில்லை. கணுக்கால் இரண்டு வாரம் பூசணிக்காய்போல வீங்கிக் கிடந்தது.

செய்தி வாலாஜாபாத்துக்குப் போயிற்று. அங்கே அரிசி மில்லில் மேஸ்திரியாக இருந்த அவளுடைய அண்ணன் ராமலிங்கம் மறுநாளே வந்து இறங்கினார்.

"மாப்ள, நான் சண்ட போட வரல" என்று ஆரம்பித்தார். அவர் அப்படி ஆரம்பித்தால் சண்டைக்குத்தான் வந்திருக்கிறார் என்று அர்த்தம். "கண்ணு தெரியாதவள வெச்சிக்கினு, நடு வூட்ல பள்ளம் தோண்டிக்கினு குடுத்தனம் பண்றியே, இது உனக்கே நாயமா இருக்குதா?"

"தறிய எடுத்துட்டா சோறு ஏது மச்சான்?"

"அதத்தாம்பா நானும் சொல்றேன். தறிய எடுக்க முடியாது. அவள எடுத்துக்கினு போறேன். எங்க வூட்ல பள்ளமும் இல்ல, மேடும் இல்ல. ஒரு கட்டில்ல ஒக்காந்திருக்கட்டும், அவ அண்ணி பாத்துக்குவா."

பெரியநாயகி வீங்கிய காலை நீட்டியபடி உட்கார்ந்திருந்தாள். "அந்தக் கட்டில்ல நான் எத்தினி வருசம் ஒக்காரணும்ண்ணா?" என்றாள்.

ராமலிங்கம் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். தங்கைமேல் உயிர்தான் அவருக்கு. கடைசியில் ஒரு வாக்குக் கொடுத்தார். ஆனி கடைசி வெள்ளிக்கிழமை வருவார். அவள் யார் கையையும் பிடிக்காமல் சமையல்கட்டிலிருந்து வாசலுக்கு வந்து, திரும்பிப் போய்க் காட்டவேண்டும். காட்டினால் அவர் பேசாமல் பஸ் ஏறிவிடுவார். இல்லையென்றால் அவளுடைய துணிப்பை அவர் கையில் இருக்கும்.

அந்த வருஷம் பட்டணத்தில் பெரிய பொருட்காட்சி ஒன்று நடந்து முடிந்திருந்தது. சம்பந்தத்தின் சிநேகிதர் குப்புசாமி, திருவிழாக்களுக்குச் சீரியல் விளக்குப் போடுகிறவர், அங்கே இரண்டு மாதம் வயரிங் வேலை பார்த்தார். கடைசியில் வெளிநாட்டுக்காரர்கள் தங்கள் கொட்டகையைப் பிரித்துப் போட்டுவிட்டுப் போனபோது, வேலை செய்தவர்கள் ஆளுக்குக் கொஞ்சம் அள்ளிக்கொண்டார்கள். குப்புசாமியின் பங்குக்கு நாலு பெரிய அட்டை கிடைத்தது. ஆளுயரத்தைத் தாண்டிய உயரம், நாலடி அகலம். நடுவில் சுண்ணாம்புக்கட்டி மாதிரி வெள்ளையாக இறுகிய மாவு, இரண்டு பக்கமும் தடித்த காகிதம். லாரியில் வைக்கோல் பரப்பிக் கொண்டுவந்து தன் வீட்டில் சாத்தி வைத்திருந்தார். எதற்கென்று அவருக்கே தெரியவில்லை.

"உனக்கு எடுத்துக்கோ" என்றார் சம்பந்தத்திடம். "தறிக்கும் நட வழிக்கும் நடுவுல நிறுத்திடு. வெள்ளக்காரன் இதுலதான் அம்மாம் பெரிய மாளிக கட்டினான். ஒரு அட்டைக்கும் இன்னொரு அட்டைக்கும் நடுவுல ஜாயிண்டு வரும் பாரு, அது மேல நாடா வெச்சி, மாவு பூசி, தேச்சி, மறுபடி பூசி, மறுபடி தேச்சி, மூணு தபா. கிட்ட போயி மூக்க வெச்சிப் பாத்தேன், எங்க ஜாயிண்டுன்னே தெரியல."

சம்பந்தம் யோசித்தார். "நாடாவ எப்பிடிபா அதுல ஒட்டறது? கட்டையாச்சே."

நெசவுக்காரருக்கு நாடா என்றால் தறியில் இப்படியும் அப்படியும் ஓடும் மரக்கட்டை. குப்புசாமிக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று. புரிந்ததும் சிரிப்பு அடங்க இன்னும் கொஞ்ச நேரம் ஆயிற்று. "யோவ், பாவாட நாடாயா. பட்டையா, காயிதத்துல."

அந்தக் காகித நாடா இங்கே யாரிடமும் இல்லை. சவுக்குக் கட்டையில் சட்டம் அடித்து நாலு அட்டையையும் வரிசையாக நிறுத்தியபோது, மூன்று இடத்தில் மேலிருந்து கீழ்வரை விரிசலாகக் கோடு விழுந்தது. முதல் கோடு வாசல் பக்கத்துத் தண்ணீர்ப் பானைக்கு நேராக. இரண்டாவது, எதிர்ச்சுவரில் இருந்த சாமி மாடத்துக்கு நேராக. மூன்றாவது, முற்றத்துக்கு இறங்கும் படிக்குச் சற்று முன்னால். சம்பந்தம் அவற்றைப் புணைப்பு என்றார். தறியில் பழைய பாவு முடிந்து புதுப் பாவு தொடங்கும்போது ஆயிரக்கணக்கான இழைகளை ஒவ்வொன்றாகச் சேர்ப்பதற்கு அதுதான் பெயர். நல்ல புணைப்பு என்பது இருக்கிற இடம் தெரியாமல் இருப்பது. முப்பது வருஷமாக அவர் அப்படித்தான் புணைத்திருந்தார். மூன்று கோடுகள் என்ன பெரிய காரியம்?

பழைய வேட்டியை இரண்டு விரல் அகலத்துக்குக் கிழித்தார். சாக்பீஸ் பொடியை, பாவுக்குப் போடும் அதே சோற்றுக் கஞ்சியில் குழைத்தார். கரண்டி இல்லாததால் தோசைத்திருப்பியை எடுத்துக்கொண்டார். துணியை நனைத்து, மேலே ஒரு ஆணி கீழே ஒரு ஆணி என்று இழுத்துக் கட்டி, விரலால் தட்டிப் பார்த்துத் திருப்திப்பட்டு, அதன்மேல் பூசினார்.

இரண்டு நாளில் துணி காய்ந்து சுருங்கி, நடுவில் சுவரைவிட்டு விலகி நின்றது. பார்க்க வந்த குப்புசாமி அதைச் சுண்டினார். டொய்ங் என்றது.

"செவுரு வெப்பன்னு பாத்தா வீண கட்டி வெச்சிருக்கியேபா."

கஞ்சி வேறு புளித்துவிட்டது. காலையில் எழுந்து பார்த்தால் மூன்று கோட்டிலும் எறும்பு சாரிசாரியாக ஏறிக்கொண்டிருந்தது. "ஊரு எறும்புக்கெல்லாம் சோறு போட்டுட்டீங்க, புண்ணியந்தான். எனக்குத் தோசைத்திருப்பிய எப்பத் தருவீங்க?" என்று உள்ளேயிருந்து பெரியநாயகியின் குரல் வந்தது.

எல்லாவற்றையும் சுரண்டி எடுத்துவிட்டு மறுபடி ஆரம்பித்தார். இந்த முறை கஞ்சி இல்லை. சாக்பீஸ் பொடியோடு, பொம்மை செய்கிறவர்கள் வாங்கும் வெள்ளை மாவு, ஆசாரிகள் காய்ச்சும் வஜ்ஜிரப் பசை. ஆணியும் இல்லை. ஈர மாவின்மேல் துணியைச் சும்மா வைக்கவேண்டும், அதன் போக்கில் படியவிடவேண்டும். அதுதான் அவருக்குக் கஷ்டமாக இருந்தது. கை தானாக இழுக்கப் போகும். நிறுத்துவார். மறுபடி போகும். ஒரு மத்தியானம் முழுக்கத் தன் கையோடு அவர் இப்படி மல்லுக்கட்டினார். கடைசியில் கண்ணை மூடிக்கொண்டு, தூங்குகிற குழந்தைக்குப் போர்வை போடுகிறதாக நினைத்துக்கொண்டு வைத்தார். துணி படிந்தது.

காலையில் வெயில் ஏறும்வரை தறி. பிறகு சுவர். உப்புத்தாளை ஒரு கட்டையில் சுற்றிக்கொண்டு தேய்க்க ஆரம்பித்தால் பொழுது போவதே தெரியாது. கூரையில் ஒரு கண்ணாடி ஓடு உண்டு. அதன்வழியே சாய்ந்து விழும் வெயிலில் வெள்ளைத் தூள் மேலேயும் போகாமல் கீழேயும் வராமல் நின்றுகொண்டிருக்கும். அவருடைய புருவம், மார்பு, கால்நகம் எல்லாம் வெள்ளையாகிவிடும். பெரியநாயகி சுவருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து தார் சுற்றிக்கொண்டே கேட்டுக்கொண்டிருப்பாள்.

"பாலாத்து மணல்ல யாரோ நடந்துக்கினே இருக்கிற மாதிரி இருக்குது" என்றாள் ஒருநாள். "எந்தப் பக்கம் போறாங்கன்னுதான் தெரியல."

சம்பந்தம் தேய்ப்பதை நிறுத்திவிட்டு அந்த நடையைக் கேட்க முயன்றார். நிறுத்தியதும் நடையும் நின்றுபோயிற்று. அவருக்குச் சிரிப்பு வந்தது.

அவருக்கும் ஒரு நினைப்பு ஓடிக்கொண்டிருந்தது. சுவர் முழுதும் ஒரே நீர்ப்பரப்பாக இருக்கவேண்டும். காற்றில்லாத நாளில் குளம் கிடக்குமே, அப்படி. அவள் கையை வைத்தால் அது வழுக்கிக்கொண்டே வாசலுக்குப் போய்விடவேண்டும். எங்கும் தடுக்கக் கூடாது. ஏற்கெனவே தடுக்கி விழுந்தது போதும்.

அதனால் ஒவ்வொரு பூச்சு முடிந்ததும் அவளைக் கூப்பிடுவார். அவள் எழுந்து வந்து, விரல்நுனியால் சுவரைத் தடவிக்கொண்டே நடப்பாள். கோடு வந்ததும் விரல் நிற்கும்.

"தெரியுது" என்பாள்.

அடுத்த கோட்டில், "இங்கயும் தெரியுது." படிக்குப் பக்கத்தில், "இது நல்லா தெரியுது."

சம்பந்தம் சட்டியை எடுப்பார். மறுபடி மாவு குழைப்பார். இன்னும் ஒரு சாண் அகலமாக இழுத்துப் பூசுவார், தேய்ப்பார், மறுநாள் கூப்பிடுவார். "தெரியுது" என்பாள். பட்டில் முடிச்சுத் தேடிய விரலை ஏமாற்ற முடியுமா? அவள் அதைச் சொல்லும்போது முகத்தில் ஒரு மலர்ச்சி இருந்தது. அதை அவர் கவனித்தார். தன் மனம் நோகாமல் குற்றம் சொல்கிறாள் என்று எடுத்துக்கொண்டார்.

அந்த நாட்களில் அவள் தனியாகவே நடக்கத் தொடங்கியிருந்தாள். பானையில் தண்ணீர் மொண்டுகொள்வாள், மாடத்தில் விளக்கு வைப்பாள், படி இறங்கிப் போய் அடுப்பு மூட்டுவாள். சுவர் வந்ததால் நடக்கிறாள் என்று சம்பந்தம் நினைத்தார். வழவழப்பாகிவிட்டால் இன்னும் நன்றாக நடப்பாள் என்று நினைத்தார்.

ஒருநாள் பூச்சு ஈரமாக இருக்கும்போதே கை வைத்துவிட்டாள். "காயலன்னு சொன்னேனே" என்றார், கொஞ்சம் கடுப்பாகவே.

"கோயில்ல அம்பாள் கட்டிப் புடிச்ச தழும்பு சாமி மேல இன்னிக்கும் இருக்குதாம். அவரு ஒண்ணும் கோச்சிக்கல. ஒங்க செவுத்துக்கு என் வெரலு பட்டா ஆகாதா?"

மணலால் பிடித்த லிங்கத்தைக் கம்பை நதி அடித்துப் போகாமல் அம்பாள் தழுவிக்கொண்டதும், அந்தத் தழுவலில் சாமியே குழைந்ததும் அந்தத் தெருவில் எல்லோருக்கும் தெரிந்த கதை. சம்பந்தம் அவள் விரல் பட்ட இடத்தை நிரவினார்.

கடைசி வியாழக்கிழமை மூன்று கோட்டுக்கும் கடைசிப் பூச்சுப் பூசித் தேய்த்து, சாயங்காலம் சுவர் முழுக்க வெள்ளை அடித்தார். ஈரம் காயும்வரை தொடக் கூடாது என்று சொல்லி, அன்று மட்டும் பெரியநாயகியைக் கைபிடித்தே அழைத்துப் போனார். வெள்ளிக்கிழமை காலையில் தள்ளி நின்று பார்த்தார். கிட்டே போய்ப் பார்த்தார். கன்னத்தை வைத்துப் பார்த்தார். எங்கே கோடு இருந்தது என்று அவருக்கே தெரியவில்லை.

பத்து மணி பஸ்ஸில் ராமலிங்கம் வந்தார். வெறுங்கையோடு வரவில்லை. தங்கைக்கு முறுக்கு, மாப்பிள்ளைக்கு வெற்றிலை, ஒரு காலித் துணிப்பை.

"கண்ணாடி மாதிரி இல்ல இருக்குது" என்றார் சுவரைப் பார்த்து. நிஜமாகவே வியந்துபோனார்.

பெரியநாயகி சமையல்கட்டிலிருந்து புறப்பட்டாள். முற்றத்தைக் கடந்து, படியைக் காலால் தேடி ஏறி, சுவரில் கை வைத்தாள். இரண்டடி நடந்தாள். கை தயங்கியது. முன்னால் போயிற்று, பின்னால் வந்தது, மேலே போயிற்று. எதையோ கீழே போட்டுவிட்டுத் தேடுகிறவள்போல இரண்டு கையாலும் தடவினாள். இன்னும் நாலு எட்டு வைத்தாள். பிறகு எந்தப் பக்கம் திரும்பி நிற்கிறோம் என்பதுகூடத் தப்பிப்போய், கூடத்தின் நடுவில் நின்றுவிட்டாள்.

"செவுரு எங்கங்க போச்சு?" என்றாள்.

அவளுடைய இடது கை அப்போது சுவரின்மேல்தான் இருந்தது.

"உன் கைக்குக் கீழதான் இருக்குது நாயகி."

"இருக்குது. நான் எங்க இருக்கிறேன்னு தெரியல."

அங்கேயே உட்கார்ந்துகொண்டாள். ராமலிங்கம் தொண்டையைச் செருமினார். ஜெயித்த முகம் இல்லை அவருக்கு. துணிப்பையை மடியில் வைத்து அதன் காதைத் திருகிக்கொண்டிருந்தார்.

சம்பந்தம் அவள் எதிரில் போய்க் குந்தினார். "தெனமும் தெரியுது தெரியுதுன்னு சொன்னியே."

"தெரிஞ்சிது, சொன்னேன்."

"நான் சரியா பூசலன்னு சொல்றியாக்கும்னு…"

அவள் முகம் அவர் பக்கம் திரும்பியது. "பானைகிட்ட மொச்சக்கொட்ட மாதிரி ஒரு முண்டு இருந்திது. மாடத்துக்கு நேரா நறநறன்னு ஒரு ஓரம். படிக்கு முன்னாடி ஒரு பள்ளம், என் வெரலு படுக்கிற மாதிரி. ரெண்டு வருசம் கழிச்சி ஏதோ ஒண்ணு எனக்குத் தெரியுதேன்னு சொன்னேன். அத்தப்போயி தேச்சிட்டீங்களா?"

சம்பந்தம் சுவரைத் திரும்பிப் பார்த்தார். ஒன்றரை மாதம் அவளுடைய வழியைத்தான் அவர் ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்த்து, தூளாக ஊதி அனுப்பியிருக்கிறார்.

"ஒடம்புக்கும் முந்தானிக்கும் நடுவுல பிட்னி தெரியாம நெஞ்சா அது நம்மூரு பொடவையா?" என்று அவள் கேட்டாள். "அத்தத் தடவிப் பாத்துத்தானே வாங்கறாங்க?"

அது அவருக்குத் தெரியாததா? உடல் நிறம் முடிந்து முந்தானை நிறம் தொடங்கும் இடத்தில், சேர்த்த இழைகள் தடித்து ஒரு வரி ஓடும். காஞ்சிபுரத்துப் புடவைக்கு அதுதான் அடையாளம். மறைக்கவேண்டிய சேர்ப்பு ஒன்று, காட்டவேண்டிய சேர்ப்பு ஒன்று. இரண்டும் அவர் கை செய்த வேலைதான்.

எழுந்துபோய் மாவு குழைத்தார். "மச்சான், ரெண்டு மணி பஸ்ஸுக்குப் போலாம், கொஞ்சம் இருங்க" என்றார். ராமலிங்கத்திடம் அவர் இரு என்று சொல்வது அதுதான் முதல் தடவை.

ஒரு காலத்தில் கோடு இருந்த இடத்தை அவருக்கே அளந்துதான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. மூன்று இடத்திலும் மாவைத் தடித்த பட்டையாக இழுத்தார். பெரியநாயகியின் கையைப் பிடித்து முதல் பட்டையின்மேல் வைத்தார்.

"ஈரமா இருக்குதே" என்றாள்.

"இருக்கட்டும். இழு."

பானைக்கு நேராக ஒரு விரலால் இழுத்தாள். மாடத்துக்கு நேராக இரண்டு விரல். படிக்கு முன்னால் மூன்று விரல்களையும் அழுத்தி, மேலிருந்து கீழே, அவசரமில்லாமல். இழைகள்போல மூன்று வரி விழுந்தது. அவள் நகம் தட்டிய இடத்தில் ஒரு சின்னப் பிசிறு. சம்பந்தத்தின் கை அதை நிரவத் தானாக எழுந்தது. அதைத் தன் மடிக்குள் வைத்துக்கொண்டார்.

ஆனி வெயில். கண்ணாடி ஓட்டு வெளிச்சம் பானையிலிருந்து மாடத்துக்கு நகர்வதற்குள் மாவு இறுகிவிட்டது. அதுவரை மூன்று பேரும் முறுக்குத் தின்றார்கள்.

பிறகு அவள் நடந்தாள். படி ஏறிச் சுவரைத் தொட்டதும், மூன்று வரியில் ஒரு கணம் நின்றாள். மாடத்துக்கு நேராகக் கும்பிட்டாள். பானையைத் தட்டிப் பார்த்தாள். வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு தெருவைப் பார்த்து நின்றாள். தெருவில் யாரோ பாவு நீட்டிக்கொண்டிருந்தார்கள், பட்டின் வாசம் வந்தது. திரும்பி அதே வழியாகச் சமையல்கட்டுக்குப் போய், ஒரு சொம்பு மோரோடு மறுபடி வந்தாள். சிந்தவில்லை.

ராமலிங்கம் மோரை வாங்கிக் குடித்தார். வாயைத் துடைத்துக்கொண்டு, படிக்கு முன்னால் இருந்த மூன்று வரிகளை உற்றுப் பார்த்தார்.

"இன்னா பாப்பா இது, பெரிய காஞ்சிபுரத்துல, சிவன் கோயில் மதிலாண்ட இருந்துக்கினு செவுத்துக்கு நாமம் போட்டிருக்கிற?"

"செவுத்துக்கு இல்லண்ணா" என்றாள் பெரியநாயகி. "உனக்குத்தான்."

அவர் சிரித்துக்கொண்டே பஸ்ஸுக்குப் போனார். துணிப்பையை நாலாக மடித்துக் கக்கத்தில் வைத்திருந்தார்.

அதற்கப்புறம் எட்டு வருஷம் அவள் அந்தச் சுவரோரம் நடந்தாள். பொங்கலுக்குப் பொங்கல் சம்பந்தம் வெள்ளை அடிப்பார். மூன்று இடத்தில் மட்டும் வெள்ளையடிக்கும் மட்டையைக் கீழே வைத்துவிட்டு, சுண்ணாம்பு வரிக்குள் அடைந்துவிடாமல் துணியால் ஒற்றி எடுப்பார். விரல் போய்வந்த உயரத்தில், வாசலிலிருந்து படிவரை, பழுப்பாக ஒரு கோடு விழுந்திருந்தது. ஒவ்வொரு வருஷமும் அது வெள்ளைக்குள் மறைந்து, சித்திரைக்குள் திரும்ப வந்துவிடும். அவள் காலமான வருஷம் அவர் வெள்ளை அடிக்கவில்லை.

ஒரு மத்தியானம் தறியை நிறுத்திவிட்டு எழுந்தார். வாசலில் நின்று கண்ணை மூடிக்கொண்டு, சுவரில் விரல் வைத்து நடந்தார். ஒரு வரி வந்தது. இரண்டு வரி வந்தது. மூன்று வரியில் நின்று, கீழே காலால் படியைத் தேடினார். அங்கேதான் இருந்தது.